ஃபார்மட் செய்யவா?

கேமரா கேட்கிறது:
'அட்டையைப் படிக்க இயலவில்லை.
ஃபார்மட் செய்யவா?'
'ஆம்' என்பதன்மேல்
ஏற்கெனவே மஞ்சள் வெளிச்சம்.
என் கட்டைவிரலுக்கு அடியில்
தெங்காவில் ஒரு வீடு இருக்கிறது.

பதினான்காவது மாடி.
சுவரில் இன்னும் பெயின்ட் வாசம்.
எரிவாயு இணைப்பு வியாழக்கிழமைதான் என்றார்களாம்.
எதிர்வீட்டு லிம் தம்பதி
ஸ்டீம்போட் அடுப்பைக் கொடுக்க
இளமாறனும் பைரவியும் அதில்தான் பால் காய்ச்சினார்கள்.
விடிகாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
ஐயருக்கு அடுத்து பொங்கோலில் ஒன்று.
எனக்கு எட்டுக்கு வேலை.

'இல்லை' அழுத்தினேன்.
அணைத்தேன். எடுத்தேன்.
ஓரத்துப் பூட்டு, அரிசிமணி அளவு,
திறந்தே இருந்தது.
தங்கப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
அழிக்கிற பொருளால் காப்பாற்றப் பார்ப்பது
அப்போது வேடிக்கையாகப் படவில்லை.
வேறு ரீடர். வேறு வயர். வேறு கணினி.
ஊதியும் பார்த்தேன்
(ஊதக்கூடாது, எச்சில் படும்,
எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்).
ஏதோ செருகியிருக்கிறது என்பதுவரை
கணினிக்குத் தெரிந்தது.
பேச்சு கொடுக்கவில்லை.

சிம் லிம் ஸ்குவேர், மூன்றாவது தளம்.
க்வெக் தலை நிமிரவில்லை.
'இதில் மறுபடி படம் எடுத்தாயா?'
இல்லை.
'ஃபார்மட்?'
இல்லை.
'அப்போ ஓகே லா.'
பிறகு அவர் பேசிய ஆங்கிலத்தை
நான் இப்படி எடுத்துக்கொண்டேன்:
கிழிந்தது பொருளடக்கம் மட்டும்.
அத்தியாயங்கள் உள்ளேதான் கிடக்கின்றன
பக்க எண் தெரியாமல்.
'கதவை எப்போது திறந்தாய்?' என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
மின்தூக்கியில், ஒன்பதாவது மாடி தாண்டும்போது,
சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தபோது.

நாற்பது வெள்ளி. அறுநூற்றுப் பதினோரு கோப்புகள்.
முதலில் வந்தது நான் அழித்ததெல்லாம்.
பாசிர் ரிஸ் இருவாச்சியின் பின்புறம்,
ஃபோகஸ் பார்க்க எடுத்த என் கால் பெருவிரல்,
பல் மருத்துவமனையின் கூரை,
யாருக்கோ பிரியாவிடை சொன்ன கேக்,
பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.
அப்புறம் வீடு:
நிலைப்படியில் சப்பையான எலுமிச்சை,
கும்பிடுவதா கைகுலுக்குவதா தெரியாமல்
பைஜாமாவில் திரு லிம்.
பால் பொங்கிய படம் ஒன்றே ஒன்று.
மேல் பாதியில்
குனிந்த இரண்டு முகங்கள், திறந்த வாய்கள்.
கீழ்ப் பாதி சாம்பல்.
கோடு போட்டாற்போல, சரியாகப் பானையின் விளிம்பிலிருந்து.

தொலைபேசியில் சொன்னேன்.
பைரவி கொஞ்ச நேரம் பேசவில்லை.
'பொங்குச்சே, நாங்க பாத்தோமே' என்றாள்,
என்னிடம் இல்லை, வீட்டுக்குள் யாரிடமோ.
பிறகு, 'செவ்வா ராத்திரி வர்றீங்களா?'

ஐயர் இல்லை. நல்ல நேரம் இல்லை.
கழுத்தில் ஆபீஸ் பாஸ் தொங்க
இளமாறன் பால் பெட்டியை வெட்டினான்.
'ரெண்டாவது தடவ காய்ச்சுனா
அதுக்கு என்ன பேருன்னு அத்தை கேட்டாங்க.
காப்பின்னு சொல்லிட்டேன்.'
இந்த முறை எரிவாயு வந்திருந்தது.
இரண்டு அட்டை போட்டிருந்தேன்.
பால் எங்களுக்காக அவசரப்படவில்லை.
கீழே எங்கோ ஒரு பேருந்து பின்வாங்கும் ஓசை.
யாரோ 'எதிர்வீட்டையும் கூப்பிடலாமா' என்றார்கள்,
எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம்,
அந்த நேரம் பார்த்துப் பொங்கியது.

பாதி நுரையாவது அகப்பட்டிருக்கும்.
'வந்துச்சா, வந்துச்சா?'
அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்கிறான்.
இருங்க, என்கிறேன்.
சிவப்பு விளக்கு மினுக்குகிறது.
கட்டைவிரலை மடக்கி
உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.